7 நாள், 8 குருவி, ஒரு நோட்டு... டிகிரி இல்லாத சலீம் அலி ‘பறவை மனிதர்’ ஆன கதை!

சங்கரன்கோவில்ல மார்கழிக் காலை எப்படி இருக்கும்னு உங்களுக்குத் தெரியும். வாசல்ல கோலம், தூரத்துல கோயில் ஸ்பீக்கர்ல பாட்டு, மொட்டை மாடிச் சுவர்ல அம்மா வைக்கிற ஒரு கைப்பிடி சோறு. முதல்ல காக்கா வரும். அப்புறம் மைனா. அதுக்கப்புறம் சண்டை போட்டுக்கிட்டே தவிட்டுக்குருவிக் கூட்டம். நீங்க பல் தேய்ச்சுக்கிட்டே பார்ப்பீங்க, உள்ளே போயிடுவீங்க.

உள்ளே போகாம அங்கேயே 15 நிமிஷம் நின்னு, எந்தப் பறவை எத்தனை வந்துச்சுன்னு எண்ணி எழுதினா? அது அறிவியல். சும்மா சொல்லல. இந்தியாவின் ‘பறவை மனிதர்’னு நீங்க பாடப் புத்தகத்துல படிச்ச சலீம் அலி ஆரம்பிச்சதும் இப்படித்தான். அவர் பார்த்தது அபூர்வப் பறவை இல்லை. வீட்டுச் சிட்டுக்குருவி!

லாயத்தில் ஒரு குருவி

1896 நவம்பர் 12ல், மும்பையில் ஒரு பெரிய குடும்பத்தின் கடைக்குட்டியாகப் பிறந்தவர் சலீம் அலி. ஒரு வயசுல அப்பா போயிட்டார். மூணு வயசுல அம்மாவும். தாய்மாமா அமீருதீன் தியாப்ஜியின் வீட்டில்தான் வளர்ந்தார். மாமா வேட்டைப் பிரியர். பையன் கைக்கு ஒரு ஏர்கன் வந்து சேர்ந்தது.

சுமார் 10 வயசு இருக்கும். வீட்டுக் குதிரை லாயத்துச் சுவர்ல ஒரு சிட்டுக்குருவிக் கூடு. பெண் குருவி உள்ளே அடைகாக்குது, ஆண் குருவி வெளியே காவல். பையன் மறைஞ்சிருந்து ஆணைச் சுட்டுட்டான். கொஞ்ச நேரத்துல அதே இடத்துல இன்னொரு ஆண் வந்து உட்கார்ந்தது. அதையும் சுட்டான். மறுபடி ஒன்று. இப்படி 7 நாளில் 8 ஆண் குருவிகள்!

படிக்கவே கஷ்டமா இருக்குல்ல? இருக்கணும். ஆனா, அந்தப் பையன் இன்னொரு வேலையும் செஞ்சான். நடந்ததை நோட்டில் எழுதி வெச்சான். எத்தனை நாள், எத்தனை குருவி, ஒவ்வொரு முறையும் என்ன நடந்தது... எல்லாம். துணையை இழந்த பெண் குருவிக்கு அவ்வளவு வேகமா புது ஜோடி கிடைக்குதுங்கிற தகவல் அந்தக் குறிப்பில் இருந்தது. எழுதாம விட்டிருந்தா, அது ஒரு சின்னப் பையனின் குறும்பு மட்டும்தான்.

அதே காலகட்டத்தில் அவர் சுட்ட இன்னொரு குருவியின் தொண்டையில் மஞ்சளா ஒரு திட்டு இருந்தது. இது என்ன குருவின்னு மாமாகிட்ட கேட்டார். மாமாவுக்கும் தெரியல. பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்துக்கு அனுப்பி வெச்சார். அங்கே செயலாளரா இருந்த மில்லார்ட், அது மஞ்சள் தொண்டைச் சிட்டுன்னு சொன்னதோட நிறுத்தல. அலமாரியில் வரிசையா பாடம் பண்ணி வெச்சிருந்த பறவைகளைத் திறந்து காட்டி, படிக்கப் புத்தகமும் கொடுத்தார். ஒரு சின்னப் பையனின் கேள்வியை ஒரு பெரியவர் மதிச்ச அந்த நாள்தான் எல்லாத்துக்கும் தொடக்கம்.

டிகிரி இல்லை, வேலையும் இல்லை

இதுக்கப்புறம் ராக்கெட் வேகத்துல மேலே போயிட்டார்னு நினைக்காதீங்க. தலைவலியால பள்ளிப் படிப்பு பாதியில் தடைபட்டது. மெட்ரிகுலேஷனைத் தட்டுத்தடுமாறித்தான் முடித்தார். கல்லூரியை விட்டுவிட்டு, குடும்பத்தின் சுரங்கத் தொழிலைப் பார்க்க பர்மா போனார். அங்கேயும் கண் கணக்குப் புத்தகத்தில் இல்லை, காட்டில்தான். ஊர் திரும்பி, 1918ல் தெஹ்மினாவைத் திருமணம் செய்துகொண்டார்.

இந்திய விலங்கியல் ஆய்வகத்தில் பறவையியலாளர் வேலைக்கு முயன்றார். முறையான பட்டம் இல்லாததால் கிடைக்கல. 1926ல் மும்பை அருங்காட்சியகத்தில், வருபவர்களுக்கு விளக்கம் சொல்லும் வேலை கிடைத்தது. இன்னும் கத்துக்கணும்னு 1928ல் விடுப்பு எடுத்து பெர்லின் போய், எர்வின் ஸ்ட்ரெஸ்மன் என்ற பெரிய அறிஞரிடம் பயிற்சி பெற்றார். 1930ல் சந்தோஷமா திரும்பி வந்தா, நிதி இல்லைன்னு அந்த வேலையையே எடுத்துட்டாங்க!

வயசு 33. கல்யாணம் ஆகிடுச்சு. கையில் வேலை இல்லை. நீங்களா இருந்தா என்ன செஞ்சிருப்பீங்க?

மும்பையில் செலவைத் தாங்க முடியாமல், கடலோரத்தில் கிஹிம் என்ற கிராமத்துக்குக் குடிபோனார்கள். அது மழைக்காலம். வீட்டுப் பக்கத்து மரத்தில் தூக்கணாங்குருவிகள் கூடு கட்டிக்கொண்டிருந்தன.

தூக்கணாங்குருவிக் கூடு நம்ம பக்கத்துக்குப் புதுசா? பனை ஓலையிலும் கிணற்று ஓரத்திலும் தொங்குறதைப் பார்த்தே வளர்ந்தவங்க நாம. அவரும் பார்த்தார், ஆனா விடாம பார்த்தார். மறைவா உட்கார்ந்து, எந்தக் கூட்டை எந்த ஆண் கட்டுது, எந்தப் பெண் எப்போ வருதுன்னு மாதக்கணக்கில் குறித்தார்.

கிடைத்த தகவல் அதுவரை யாரும் தெளிவா சொல்லாதது. ஆண் குருவி கூட்டைப் பாதிதான் கட்டும். பெண் வந்து உள்ளே புகுந்து ‘இன்ஸ்பெக்‌ஷன்’ பண்ணும். பிடிச்சிருந்தா தங்கிடும், ஆண் மீதியைக் கட்டி முடிக்கும். பெண் முட்டையிட்டு உட்கார்ந்ததும், ஆண் பக்கத்திலேயே அடுத்த கூட்டை ஆரம்பிச்சிடும், இன்னொரு பெண்ணுக்காக! இந்த ஆய்வு 1931ல் வெளியானது. பறவை உலகம் அவர் பெயரைக் கவனிக்க ஆரம்பித்ததும் அப்போதுதான். வேலை போன வருஷத்தில், வீட்டுப் பக்கத்தில், ஒரு சாதாரணக் குருவியால் வந்த பெயர்.

மலைக்கு அந்தப் பக்கம் வந்தவர்

அடுத்து அவர் சமஸ்தானங்களுக்கு ஒரு யோசனை சொன்னார். முகாம் செலவை மட்டும் ஏற்றுக்கொண்டால் போதும், சம்பளமே இல்லாமல் உங்கள் பகுதிப் பறவைகளைக் கணக்கெடுத்துத் தருகிறேன் என்று. ஹைதராபாத்துக்குப் பிறகு, 1933ல் திருவிதாங்கூர், கொச்சி. அதாவது நம்ம மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அந்தப் பக்கம். அன்னிக்கு செங்கோட்டையே திருவிதாங்கூரோடதான் இருந்தது!

கூடாரம், பயணம், சாப்பாடு என்று கூடவே இருந்து பார்த்துக்கொண்டவர் தெஹ்மினா. 1939ல் ஒரு அறுவை சிகிச்சைக்குப் பிறகு அவர் இறந்துபோனார். சலீம் அலி நொறுங்கிப்போனார். அக்கா வீட்டில் அடைக்கலம் கிடைத்தது. மறுமணம் செய்துகொள்ளவில்லை. 1941ல் அவருடைய இந்தியப் பறவைகள் புத்தகம் வந்தது. படத்தைப் பார்த்தே பறவையை அடையாளம் காணலாம் என்ற தைரியத்தைச் சாதாரண ஆட்களுக்குக் கொடுத்த புத்தகம் அது. பிறகு டில்லன் ரிப்ளியோடு சேர்ந்து எழுதிய 10 தொகுதிகள், 1974ல் முடிந்தன.

பரத்பூர் சதுப்பு நிலமும் அமைதிப் பள்ளத்தாக்கும் இன்னிக்கு இருக்குன்னா, அதில் அவர் குரலுக்கும் பங்கு உண்டு. பத்ம விபூஷண், மாநிலங்களவை நியமன உறுப்பினர் பதவி எல்லாம் தேடி வந்தன. 1987ல், 90 வயதில் காலமானார். தன் வாழ்க்கைக் கதைக்கு அவர் வைத்த தலைப்பிலும் ஒரு சிட்டுக்குருவிதான் இருந்தது. அவர் பெயரில் ஒரு பறவையியல் மையம் கோவை ஆனைகட்டியில் இயங்குகிறது.

இப்போ உங்க முறை

சலீம் அலி காலத்தில் பறவையைச் சுட்டு, பாடம் பண்ணித்தான் ஆராய முடிந்தது. உங்க கையில் துப்பாக்கி வேண்டாம், போன் இருக்கு. இ-பேர்ட் ஆப்பில் நேரம், இடம், பறவை, எண்ணிக்கை... அவ்வளவுதான். தமிழ்நாட்டில் 2015ல் இருந்து பொங்கலை ஒட்டி 4 நாட்கள் ‘பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு’ நடக்குது. பிப்ரவரியில் உலகம் முழுக்க நடக்கும் வீட்டுத் தோட்டப் பறவைகள் கணக்கெடுப்பும் 4 நாட்கள்தான். குறைந்தது 15 நிமிஷம் பார்த்தால் போதும்.

இதனால என்ன ஆகும்? 2023ல் வந்த இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை, சுமார் 30,000 பறவை ஆர்வலர்கள் பதிவு செய்த தகவல்களில் இருந்து உருவானது. நீண்ட கால மாற்றத்தைக் கணக்கிட முடிந்த 338 வகைப் பறவைகளில் 60 சதவிகிதம் குறைந்திருக்கின்றன. மயில் பெருகியிருக்குன்னும் அதே அறிக்கை சொல்லுது. இதை நம்ம ஊர் விவசாயிகள் ஏற்கெனவே சொல்லிக்கிட்டுத்தான் இருக்காங்க. ஆனா, எண்ணி எழுதினாத்தான் அது கணக்கில் சேரும்.

பெங்களூர், சென்னையில் இருந்து பட்டியல்கள் குவியுது. சின்ன ஊர்களில் இருந்து வர்றது கம்மி. சங்கரன்கோவில் கரிசல் காட்டுக்குக் குளிர்காலத்தில் சோளப்பட்சி கூட்டம் வந்துச்சா, மொட்டை மாடியில் எத்தனை மைனான்னு சென்னையில் இருக்கிறவர் எழுத முடியாது.

அதனால, நாளைக்குக் காலைல சோறு வெச்சதும் உள்ளே போயிடாதீங்க. 15 நிமிஷம் நில்லுங்க. காக்கா 6, மைனா 4, தவிட்டுக்குருவி 7னு எழுதுங்க. பேர் தெரியாத பறவை வந்தா யார்கிட்டயாவது கேளுங்க, அவரும் அப்படித்தான் கேட்டார். சிட்டுக்குருவி ஒண்ணுகூட வரலையா? பார்த்த எல்லாப் பறவையையும் பதிவு பண்ணிட்டேன்னு ஆப்பில் சொல்லிடுங்க. அது வரலைங்கிறதும் ஒரு தகவல்தான்.