தோல் நோய் வல்லுநர் உன்னா

குழந்தைகளைப் பற்றும் கரப்பான் நோயை அறியாத தாய்மார் எந்நாட்டிலும் இலர். இரவெல்லாம் உறக்கமின்றிச் சொறிந்து, கன்னமும் முழங்கால் மடிப்பும் புண்ணாகி அழும் மகவைக் கண்டு மனமுருகாதார் யார்? இந்நோய்க்குத் தோலின்மேல் வாழும் நுண்கிருமிகளே காரணமெனத் துணிந்துரைத்து, அறிஞர் சபையில் தோல்வியுற்ற பெரியார் ஒருவரின் சரிதத்தை ஈண்டுச் சுருக்கமாய்க் கூறப் புகுகின்றோம்.

பால் கெர்சன் உன்னா 1850-ஆம் ஆண்டு செப்டம்பர் 8-ஆம் நாள் ஹாம்பர்க் நகரில் ஒரு வைத்தியரின் புதல்வராய்த் தோன்றினார். ஹைடெல்பர்க்கில் மருத்துவம் பயிலத் தொடங்கிய அவர், பிரான்சுடன் மூண்ட போரிற் சென்று கடுங்காயமுற்றார். உடல் தேறியபின் ஸ்ட்ராஸ்பர்க் சர்வகலாசாலையில் மேற்றோலின் அடுக்குகளை நுணுகி ஆராய்ந்து பட்டம் பெற்றார். பின்னர் வியன்னா சென்று, தோல் மருத்துவத்தில் தலைசிறந்த ஹெப்ராவிடம் பயின்றார்.

சொந்த நகருக்கு மீண்டு, தோல் நோய்களுக்கெனத் தனி மருத்துவசாலை நிறுவினார். 1882-இல் ஒரு மருத்துவப் பத்திரிகையையும், 1894-இல் தோல் நோய்களின் நுண்ணமைப்பை விளக்கும் பெருநூலையும் வெளியிட்டார்.

வெளியிலிருந்து தாக்கும் பொருள்களின் உறுத்தலே கரப்பானை விளைவிக்கும் என்பது ஹெப்ராவின் போதனை. உன்னாவோ ஆசிரியரின் கொள்கையினின்று விலகி, உருண்டை வடிவான ஒருவகைக் கிருமியே அந்நோயின் மூலமென்றார். 1900-ஆம் ஆண்டில் பாரிஸ் மாநகரிற் கூடிய சர்வதேச மகாசபையில் இது வாதத்திற்கு வந்தது. அவர் கண்டவை பெரும்பாலும் ஸ்டாபிலோகாக்கஸ் என்னும் கிருமிகளே. அவை புண்ணான தோலிற் பின்னர்க் குடியேறியவை என எதிர்ப்பக்கத்தார் வாதித்தனர். சபையோரிற் பெரும்பாலாரும் உன்னாவின் கொள்கையை ஏற்றிலர்.

ஆயினும் வழக்கு அத்துடன் முடிந்திலது. கரப்பானுற்ற குழந்தைகளுட் பெரும்பாலோரின் புண்ணிடங்களில் ஸ்டாபிலோகாக்கஸ் ஆரியஸ் என்னும் பொன்னிறக் கிருமி செறிந்திருப்பதையும், அதன் நஞ்சுகள் அழற்சியையும் அரிப்பையும் வளர்ப்பதையும் பிற்கால ஆராய்ச்சியாளர் நிறுவினர். அதன் இனத்ததாகிய ஸ்டாபிலோகாக்கஸ் எபிடெர்மிடிஸ் என்பதன் சில வகைகளோ பொன்னிறக் கிருமியை மாய்க்கும் பொருள்களைச் சுரந்து நமக்குக் காவலாகின்றன. ஆதலின் கிருமிகள் யாவற்றையும் அழித்தல் நோய்க்கு மருந்தாகாது. மேலும், மேற்றோலை உறுதிப்படுத்தும் பிலாக்ரின் என்ற புரதத்தின் பிறவிக் குறையும் பல குழந்தைகளுக்கு இந்நோய் வரக் காரணமாமென 2006-இல் தெரியவந்தது. மதிலிற் பிளவு, பிளவில் பகை, பகையால் பிளவு பெரிதாதல் — இதுவே இந்நோயின் இயல்பு.

இளமையில் அம்மதிலை ஆராய்ந்தவரும், முதுமையில் அதனைப் பேணத் துணைநின்றவரும் உன்னாவே என்பது வியத்தற்குரியது. ஆட்டுரோமக் கொழுப்பினின்று லிப்ஷூட்ஸ் என்னும் ரசாயன அறிஞர் எடுத்த ஒரு பொருள், எண்ணெயும் நீரும் பிரியாது கலந்து நிற்கச் செய்வது. அதன் பயனை உன்னா உணர்ந்து, ட்ரோப்ளோவிட்ஸ் என்னும் தொழிலதிபருக்கு எடுத்துரைத்தார். 1911-இல் வெளிவந்த நிவியா என்னும் வெண்களிம்பு அதன் விளைவாகும். தோலின் ஈரங்காக்கும் களிம்புகளே இன்றும் கரப்பான் சிகிச்சையின் அடிப்படை.

1919-இல் ஹாம்பர்க்கிற் புதிதாய்த் தோன்றிய சர்வகலாசாலையில் அவர் தோல் மருத்துவப் பேராசிரியரானார். 1929-ஆம் ஆண்டு ஜனவரி 29-ஆம் நாள் மண்ணுலக வாழ்வை நீத்தார்.

கிருமியே முழுமூலம் என்றதில் உன்னா பிழைபட்டார். கிருமியைப் பொருட்படுத்த வேண்டுமென்றதிற் பிழைபட்டிலர். அவரை வென்றோரும் பாதி மெய்யையே கண்டனர். சபையின் தீர்ப்பே உண்மையின் முடிவென எண்ணி மாணவராகிய நாம் ஆராய்ச்சியைக் கைவிடலாகாது. நோயுற்ற மகவின் அழுகை ஓயுமளவும் அவ்வழக்கு முடிந்ததாகாதன்றோ!