அடிமைக் கப்பல் கேப்டன் எழுதிய 'அமேசிங் கிரேஸ்': யார் இந்த ஜான் நியூட்டன்?

2015 ஜூன் மாதம். அமெரிக்காவின் சார்ல்ஸ்டன் நகரில், தேவாலயத் துப்பாக்கிச்சூட்டில் கொல்லப்பட்ட கருப்பினப் போதகரின் இறுதிச் சடங்கு. பேசிக்கொண்டிருந்த அதிபர் ஒபாமா சட்டென நிறுத்தி, ஒரு பாட்டைப் பாடத் தொடங்கினார். மொத்தக் கூட்டமும் எழுந்து கூடவே பாடியது. அந்தப் பாட்டு, 'அமேசிங் கிரேஸ்'.

அதை எழுதியவர் ஒரு காலத்தில் ஆப்பிரிக்கர்களை விலங்கிட்டுக் கப்பலில் ஏற்றி விற்றவர். பெயர் ஜான் நியூட்டன்.

கடலில் வளர்ந்த பையன்

1725இல் லண்டனில் பிறந்தார் நியூட்டன். அப்பா கப்பல் கேப்டன். பைபிள் சொல்லிக்கொடுத்த அம்மா, இவருக்கு 7 வயது நிறைவதற்குள் காசநோயில் இறந்துபோனார். 11 வயதில் அப்பாவோடு கடலுக்குக் கிளம்பியாச்சு.

பிறகு பிரிட்டிஷ் கடற்படை வலுக்கட்டாயமாகப் பிடித்துப்போனது. தப்பி ஓடினார், மாட்டினார், எல்லோர் முன்னிலையிலும் சவுக்கடி வாங்கினார். அங்கிருந்து அடிமை வியாபாரக் கப்பலுக்கு மாறி, கடைசியில் மேற்கு ஆப்பிரிக்காவில் ஒரு வியாபாரியிடம் சோற்றுக்கே வழியில்லாமல் கிடந்தார். கடவுளைக் கேலி செய்வதும், கெட்ட வார்த்தை பேசுவதும்தான் அப்போது அவருடைய அடையாளம்.

அந்த ஒரு இரவு

அப்பா கேட்டுக்கொண்டதால் 'கிரேஹவுண்ட்' என்ற கப்பல் அவரை மீட்டு வந்தது. 1748 மார்ச்சில், வட அட்லாண்டிக்கில் நடு ராத்திரியில் பெரும் புயல். மேல்தளத்துக்கு ஏறப்போன நியூட்டனை, கத்தி எடுத்து வரச் சொல்லித் திருப்பி அனுப்பினார் கேப்டன். அவருக்குப் பதிலாக ஏறியவரை அலை அடித்துப் போனது. மணிக்கணக்கில் பம்ப் அடித்துத் தண்ணீரை இறைத்தபோது, பல வருடங்களுக்குப் பிறகு அவர் வாயில் வந்தது ஒரு ஜெபம். கப்பலில் இருந்த தேன்மெழுகும் எடை குறைந்த மரமும் அதை மிதக்க வைத்தன. சுமார் 4 வாரம் கழித்து அயர்லாந்தில் கரை சேர்ந்தார்கள்.

அப்புறம் திருந்திவிட்டாரா?

சினிமாவாக இருந்தால் அப்படித்தான் இருக்கும். நிஜம் அப்படி இல்லை. 1750இல் மேரி கேட்லெட்டைத் திருமணம் செய்தார். அதே ஆண்டு அடிமைக் கப்பலுக்கே கேப்டனும் ஆனார். மாலுமிகளுக்கு ஞாயிறு ஆராதனை நடத்துவார். அதே கப்பலின் கீழ்த்தளத்தில் மனிதர்கள் சங்கிலியில் கிடப்பார்கள். கலகத்துக்கு உடந்தை என்று சந்தேகித்த சிறுவர்களை, விரல் நசுக்கும் கருவியில் மாட்டி விசாரித்ததை அவரே நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். 1754இல் அவர் கடலை விட்டதற்குக் காரணம்கூட மனசாட்சி இல்லை, உடல்நலக் குறைவுதான்.

பாட்டு பிறந்த கதை

லிவர்பூல் துறைமுகத்தில் அரசு வேலை. கூடவே இறையியல் படிப்பு. 1764இல் ஓல்னி என்ற சிற்றூரில் ஆங்கிலிகன் போதகரானார். கவிஞர் வில்லியம் கூப்பர் அங்கே நெருங்கிய நண்பர். 1773 புத்தாண்டு ஆராதனைக்காக ஒரு பாட்டு எழுதினார். தன்னை இவ்வளவு தூரம் கொண்டுவர நான் யார் என்று தாவீது ராஜா வியக்கும் 1 நாளாகமம் 17ஆம் அதிகாரம்தான் அதற்கு அடிப்படை.

கிறிஸ்தவத்தில் கிருபை என்றால் தகுதி பார்த்துக் கிடைக்கும் சம்பளம் இல்லை, தகுதியே இல்லாதவருக்குக் கிடைக்கும் அன்பு. அந்த ஆச்சரியம்தான் மொத்தப் பாட்டும். இன்று எல்லோரும் பாடும் மெட்டு இந்த வரிகளோடு சேர்ந்தது 1835இல், அமெரிக்காவில்.

34 வருட மௌனம்

1785இல், இளம் எம்.பி. வில்லியம் வில்பர்ஃபோர்ஸ் அவரைத் தேடி வந்தார். அரசியலை விட்டுவிடலாமா என்பது அவர் குழப்பம். விட வேண்டாம், அங்கே இருந்தே கடவுளுக்கு வேலை செய்யலாம் என்றார் நியூட்டன். அந்த வில்பர்ஃபோர்ஸ்தான் பின்னர் அடிமை வியாபார எதிர்ப்பை நாடாளுமன்றத்தில் முன்னெடுத்தார்.

கடலை விட்டு 34 வருடம் கழித்து, 1788இல் நியூட்டன் வாய் திறந்தார். தான் பார்த்ததையும் செய்ததையும் சிறு நூலாக வெளியிட்டார். இந்த ஒப்புதல் ரொம்பத் தாமதம் என்று அதிலேயே ஒத்துக்கொண்டார். பிரிவி கவுன்சிலிலும், பிறகு நாடாளுமன்றக் குழுவிலும் சாட்சி சொன்னார். முன்னாள் கேப்டனே சொன்னதால், அதை யாராலும் சுலபமாகத் தள்ளிவிட முடியவில்லை.

1807 மார்ச்சில் பிரிட்டன் அடிமை வியாபாரத்தைத் தடை செய்தது. பார்வை மங்கிப்போயிருந்த நியூட்டன் அந்தச் செய்தியைக் கேட்க உயிரோடு இருந்தார். அதே ஆண்டு டிசம்பர் 21இல், 82 வயதில் இறந்தார். பிரிட்டிஷ் காலனிகளில் அடிமை முறையையே ஒழிக்கும் சட்டம் வர 1833 ஆனது. அவர் விற்றவர்கள் யாருக்கும் அவரால் எதையும் திருப்பிக் கொடுக்க முடியவில்லை. ஆனால் அவர் எழுதிய பாட்டை, அடிமைகளாக்கப்பட்டவர்களின் சந்ததியினர் தங்கள் துக்கத்திலும் நம்பிக்கையிலும் இன்றும் பாடுகிறார்கள்.