சிறுவரோடு அமர்ந்த மாணவர்

தேர்வுக்கு முந்திய நாள் கணக்கு நோட்டை மூடிவிட்டுக் கோவிலில் முழந்தாளிட்டிருப்பது என் பழக்கம். அதைப் பக்தி என்றே எண்ணியிருந்தேன். புனித இஞ்ஞாசியாரின் வரலாற்றைப் படித்தபின் வெட்கமாயிற்று.

ஸ்பெயின் நாட்டில் லொயோலாவில் 1491-ல் பிறந்தவர் அவர். 1521-ல் பாம்பலோனா போரில் பீரங்கிக் குண்டு பட்டுக் கால் முறிந்தது. படுக்கையில் வாசித்த கிறிஸ்துவின் வரலாறும் புனிதர் சரிதைகளும் அந்தப் போர்வீரரை மனந்திருப்பின. பிறர் ஆன்மாக்களுக்கு உதவக் கல்வி வேண்டும் என்றுணர்ந்து, 1524-ல் பார்சலோனா நகரில் சிறுவர்களோடு அமர்ந்து இலத்தீன் இலக்கணம் கற்கத் தொடங்கினார். வயதோ முப்பத்து மூன்று!

அங்கேதான் சோதனை வந்தது. மனப்பாடம் செய்ய உட்கார்ந்தால் தேவ சிந்தனைகள் உள்ளத்தில் ஊற்றெடுக்கும், பாடம் நின்றுவிடும். ஜெபத்திலும் பூசையிலும் இவ்வளவு கிடைக்காத இன்பம் பாட வேளையில் மட்டும் ஏன் வருகிறது என்று யோசித்தார். இது சோதனையே எனத் தெளிந்தார். ஆசிரியரைக் கடல் அன்னை மரியாள் ஆலயத்துக்கு அழைத்துச் சென்று எல்லாவற்றையும் சொன்னார். பிழைத்திருக்க ரொட்டியும் தண்ணீரும் கிடைத்தால் போதும், இரண்டாண்டுகள் ஒரு பாடத்தையும் தவறவிடுவதில்லை என்று வாக்களித்தார். அதன்பின் அத்தொல்லை வரவில்லை.

பிறகு அல்காலாவில் பல பாடங்களை ஒன்றாய் அள்ளப் பார்த்தார், எதுவும் நிலைக்கவில்லை. ஆகவே 1528-ல் பாரீஸ் சென்று, மறுபடியும் சிறுவர்களோடு இலத்தீனை முதலிலிருந்து தொடங்கினார். எனக்கென்றால் அழுகையே வந்திருக்கும்! 1535-ல் முதுகலைப் பட்டம் பெற்றார்.

பாரீஸில் அவரோடு ஒரே அறையில் தங்கிய மாணவர்களில் ஒருவர் பிரான்சிஸ் சவேரியார். 1542-ல் நம் முத்துக்குளித்துறைக்கு வந்து, மணியடித்துச் சிறுவரைக் கூட்டி, தமிழில் ஜெபம் கற்பித்தவர் அவரே.