பின்னாலிருந்து நாளெண்ணிய வைத்தியர்

கலியாணமாகி இரண்டு வருடம் கழிந்தும் வீட்டில் தொட்டில் கட்டாத பெண்ணை நமது தோட்டங்களில் என்ன சொல்லி அழைக்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். பீலிக்கரையிலும் கொழுந்து மடுவத்திலும் அந்தப் பேச்சு அவள் காதில் விழும்படியே நடக்கிறது. கணவனிடம் குறை இருக்குமோ என்று எவரும் கேட்பதில்லை.

நூறு வருடங்களுக்கு முன் யப்பானின் நீகாட்டாப் பகுதிப் பெண்களின் கதையும் இதுவே. பிள்ளையில்லாதவளுக்குப் பழி, பெற்றுப் பெற்றே ஓய்ந்தவளுக்கு நோய். அவர்கள் மத்தியில் தம் வாழ்நாளைச் செலவிட்டவர் வைத்தியர் கியூசாக்கு ஓகினோ.

1882ஆம் ஆண்டு தொயோஹாஷியில் நக்கமுரா குடும்பத்தில் பிறந்த அவரை ஓகினோ குடும்பத்தார் சுவீகாரம் எடுத்தனர். தோக்கியோவில் வைத்தியம் கற்று 1909ல் பட்டம் பெற்றவர், 1912ல் நீகாட்டா நகரின் தக்கேயாமா வைத்தியசாலைக்குப் போனார். பெயரும் புகழும் வந்த பின்னும் அந்த இடத்தை விட்டு அவர் நகரவில்லை.

பெண்ணின் சூல் எந்த நாளில் வெளிப்படுகிறது? அந்நாளைய வைத்தியர்கள் முந்திய மாதவிடாயிலிருந்து நாளெண்ணினார்கள். ஒருவர் கணக்கு மற்றவருக்கு ஒத்துவரவில்லை. ஓகினோ சத்திரசிகிச்சை செய்யும்போதெல்லாம் சூலகத்தைக் கூர்ந்து பார்த்துக் குறித்துக்கொண்டார். பிறகு அந்தப் பெண்ணின் மாதவிடாய்த் தேதிகளோடு அதை ஒப்பிட்டார். முன்னாலிருந்து எண்ணாமல், அடுத்த மாதவிடாயிலிருந்து பின்னோக்கி எண்ணியபோதுதான் கணக்கு நேரானது. அடுத்த மாதவிடாய்க்கு முந்திய 12 முதல் 16 வரையான நாட்களுக்குள் சூல் வெளிப்படுகிறது என்று 1924ல் எழுதினார்.

ஹட்டன் பஸ் நிலையத்தில் நிற்கும் ஒருவருக்கு பஸ் எப்போது வரும் என்று தெரியாது. ஏறிவிட்டால் ஊர்போய்ச் சேரும் நேரம் ஏறக்குறையத் தெரியும். மாதச் சக்கரமும் அப்படியே. முற்பகுதி நீளும், குறுகும். பிற்பகுதி அதிகம் மாறாது.

1929ல் ஓகினோ ஜெர்மனிக்குப் பயணமானார். அடுத்த வருடம் அவர் கட்டுரை ஜெர்மன் மொழியில் வெளிவந்தது. ஆஸ்திரிய வைத்தியர் ஹெர்மன் க்னாவுஸ் தனியே இதையொத்த முடிவுக்கு வந்திருந்ததால் இரு பெயர்களும் சேர்ந்தே வழங்கலாயின. ஒல்லாந்தைச் சேர்ந்த கத்தோலிக்க வைத்தியர் ஸ்மல்டர்ஸ் இக்கணக்கைப் பிள்ளைப்பேற்றைத் தள்ளிவைக்கும் முறையாக்கினார். தக்க காரணமுள்ள தம்பதிகள் அந்நாட்களைக் கைக்கொள்ளலாம் என்று பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் 1951ல் இத்தாலிய மருத்துவமாதருக்கு விளக்கினார்.

இங்கே ஒன்றை நாம் மறைக்கக் கூடாது. ஓகினோவுக்கு அந்தப் பயன்பாட்டில் விருப்பமில்லை. பிள்ளை வேண்டுவோருக்கு நாள் காட்டவே அவர் முனைந்தார். கணக்குத் தவறினால் கருச்சிதைவில் முடியுமே என்று அஞ்சினார். அவர் அஞ்சியதில் நியாயம் உண்டு. இன்னும் வராத மாதவிடாயிலிருந்து எப்படி எண்ணுவது? பழைய மாதங்களைப் பார்த்து ஊகிக்கத்தான் வேண்டும். ஒரு காய்ச்சல், ஒரு கவலை போதும், ஊகம் பிழைத்துவிடும். நம்பத்தக்க அடிப்படையை மருத்துவம் கண்டுதர வேண்டுமென்ற விருப்பத்தை 1968ஆம் ஆண்டின் சுற்றுமடலும் வெளியிட்டது.

ஓகினோ 1975 ஜனவரி முதலாம் நாள், 92ஆம் வயதில் காலமானார். அதே வருடம் கேம்பிரிட்ஜில் கோலரும் மில்ஸ்டைனும் ஒரே வகை எதிர்ப்புப் பொருளை வேண்டிய அளவு உண்டாக்கும் வழியைக் கண்டார்கள். சிறுநீரில் ஓமோனைக் காட்டும் சிறு பட்டிகள் அதிலிருந்தே வந்தன. சூல் முதிரும்போது ஈஸ்ட்ரஜன் ஏறுகிறது. பின்பு மூளையடிச் சுரப்பியிலிருந்து எல்.எச். என்னும் ஓமோன் திடீரெனப் பெருகுகிறது. அதன்பின் ஏறக்குறைய ஒன்று, ஒன்றரை நாளில் சூல் வெளிப்படுகிறது. ஓகினோ பின்னோக்கித் தேடிய நாளைப் பட்டி முன்கூட்டியே சொல்கிறது.

பிள்ளை வேண்டுவோருக்கு இது பேருதவி. வெளிப்பட்ட சூல் ஒரு நாளுக்கு மேல் உயிரோடிராது. தள்ளிவைக்க நினைப்பவர்கள் எல்.எச். பட்டியை மட்டும் நம்பக் கூடாது. ஆணின் வித்து ஐந்து நாள்வரை உயிரோடிருக்கும், பட்டியின் எச்சரிக்கையோ அவ்வளவு முன்னால் வராது. கணவனின் வித்தைப் பற்றியும் அந்தப் பட்டி ஒன்றும் சொல்லாது. ஒரு வருடம் முயன்றும் பலனில்லையென்றால், மனைவி 35 வயதைக் கடந்தவளாயின் ஆறு மாதத்திலேயே, இருவரும் சேர்ந்து வைத்தியரிடம் போகவேண்டும். கணவனுக்குரிய பரிசோதனை மிகவும் எளியது. அதை முதலிலேயே செய்துவிடலாம்.