தாயகம் தராத மேடை: ஜாக்சன் ஹெயின்ஸ் வரலாறு

மாலை வேளையில் மாதுங்காவின் தெருக்களில் நடந்து செல்வோர் செவியில், ஏதேனும் ஒரு வீட்டிலிருந்து தட்டுக்கழியின் ஓசை வந்து விழும். 1945-ஆம் ஆண்டு ஸ்ரீ ராஜராஜேஸ்வரி பரதநாட்டியக் கலாமந்திர் பம்பாயில் தோன்றிய காலந்தொட்டு, நம் குழந்தைகள் இந்நகரிலேயே அடவு பயின்று வருகின்றனர். சென்ற ஆண்டு என் மகள், திரும்பி நிற்கும் ஓர் அடவையே பல நாட்கள் பழக நேர்ந்தது கண்டு சலித்துக்கொண்டாள். அவளுக்கு நான் சொன்ன வரலாற்றையே இம்மலரில் அன்பர்களுக்கும் சொல்ல விழைகின்றேன்.

சென்ற நூற்றாண்டுக்கும் முந்தைய நூற்றாண்டில் அமெரிக்காவின் நியூயார்க் நகரிலே பிறந்தவர் ஜாக்சன் ஹெயின்ஸ். இளமையிலேயே பாலே நடனம் பயின்ற இவர், குளிர்காலத்தில் உறைந்த நீர்நிலைகளின்மேல் சறுக்குவதிலும் பெருவிருப்புக் கொண்டார். அக்காலத்தில் பனிச்சறுக்கு என்பது விறைப்பானதொரு பயிற்சி. உடலை நிமிர்த்தி, கைகளை அடக்கி, பனியின்மேல் வட்டங்களையும் எட்டின் வடிவத்தையும் பிசகின்றி வரைவதே அதன் சிறப்பாகக் கருதப்பட்டது. ஹெயின்ஸோ இசைக்கேற்பக் கைவீசி, உடல் வளைத்து, நாட்டியமாகவே சறுக்கினார். அவர் நாட்டு மக்கள் அதனை நாடகக்காரனின் ஆட்டமென எண்ணி ஏற்க மறுத்தனர்.

மனம் தளராத ஹெயின்ஸ் 1860-களின் நடுவில் கடல் கடந்து ஐரோப்பா சென்றார். இங்கிலாந்திலும் போதிய வரவேற்பில்லை. பின்னர் பல நாடுகளில் ஆடிக்காட்டி, ஆஸ்திரியாவின் தலைநகராகிய வியன்னாவை அடைந்தார். வால்ட்ஸ் இசையில் திளைத்திருந்த அந்நகரம் அவரை இரு கரம் நீட்டி வரவேற்றது. அவரும் ஆடியதோடு நில்லாமல், தாம் கற்றதை அந்நகரத்தாருக்கு ஆசானாக இருந்து கற்பித்தார்.

அக்கலையின் நுட்பம் யாதெனில், சறுக்குக் காலணியின் எஃகுத் தகட்டில் அடிப்புறம் குழிவாக இருக்கும். ஆகவே உள்விளிம்பு, வெளிவிளிம்பு என இரண்டு விளிம்புகள் உண்டு. ஒரு விளிம்பில் சாய்ந்தால் வளைவு பிறக்கும். வளைவுகளில் இருப்புப்பாதையின் வெளித் தண்டவாளத்தைச் சற்று உயர்த்தி அமைப்பதை ரயில்வேயில் பணிபுரியும் என்போன்றோர் அறிவோம். பனிமேல் செல்பவருக்கு அவ்வுதவி கிடையாது. தம் உடலையே வளைவின் உட்புறம் சாய்த்தாக வேண்டும்.

முன்னோக்கிச் செல்பவர் ஒரே காலில் பின்னோக்கித் திரும்பினால், பனியில் 3 என்ற இலக்கம் போன்ற சுவடு விழும். அவ்வேளை விளிம்பும் மாறும். இது தொடக்கப் பாடம். இதற்கு மேற்பட்ட ராக்கர், கவுண்ட்டர் என்னும் திருப்பங்களில் விளிம்பு மாறாது; வளைவே மறுபுறம் மாறும். தோளும் இடுப்பும் உரிய கணத்தில் எதிரெதிராகத் திரும்பாவிடில், தகடு உராய்ந்து சுவடு கலைந்துவிடும். ஆசானை ஏய்க்கலாம், பனியை ஏய்க்க இயலாது. பிழையை அது அப்படியே எழுதிக் காட்டிவிடும்.

ஹெயின்ஸ் காலத்தில் பலரும் தகட்டை வாரால் காலணியோடு கட்டிக்கொண்டனர். அவர் தகட்டைக் காலணியிலேயே உறுதியாகப் பொருத்தினார். அதனால் துணிந்து துள்ளவும் சுழலவும் முடிந்தது. ஒரு கால் மடக்கி அமர்ந்து, மறுகால் நீட்டிச் சுழலும் ஆட்டமும் அவர் கண்டதே.

1875-இல் பின்லாந்தின் கோக்கோலா நகரில் நோயுற்று, நாற்பது வயதைக் கடக்குமுன் அவர் மறைந்தார். அமெரிக்காவின் சறுக்கு மன்னர் என்று அவரது கல்லறையில் பொறித்தனர். பொறித்தவர் அயல்நாட்டார், பெருமையோ அவரை ஏற்காத நாட்டுக்கு!

விதைத்தது வீண்போகவில்லை. 1881-இல் வியன்னா அன்பர் மூவர் அக்கலையின் சுவடுகளை முறைப்படுத்தி நூல் வெளியிட்டனர். 1892-இல் சர்வதேசச் சறுக்குச் சங்கம் அமைந்தது. 1896-இல் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் முதல் உலகப் போட்டி நடந்தது. 1914-இல் அமெரிக்காவே அவரது முறையைத் தழுவிய தேசியப் போட்டியை நடத்தியது. அதைக் காண அவர் இல்லை. அவர் இறந்து 39 ஆண்டுகள் கடந்திருந்தன. நம் நாட்டில் சிம்லாவிலும் 1920-இல் இயற்கைப் பனித்தளம் ஒன்று அமைந்தது.

ஹெயின்ஸ் ஆடியதோடு நின்றிருப்பின், அவர் கலை பனியோடு உருகியிருக்கும். பிறருக்குப் பொறுமையுடன் கற்பித்தமையால் அன்றோ அது நிலைத்தது! பிழைப்புக்காக ஊர்விட்டு வந்த நம் தாய் தந்தையரும், நம் ஆசான்மாரும் இம்மும்பையில் செய்தது இதுவே. அவர்கள் தந்ததை அடுத்த தலைமுறைக்குத் தரும் கடமை இப்போது நம்முடையது; அதில் நாம் சோர்ந்தால் இவ்வரிசை நம்மோடு முடிந்துவிடும்.

என் மகள் இதைக் கேட்டு ஒன்றும் பேசவில்லை. மறுநாள் மாலை, ஒருவரும் ஏவாமலே சலங்கையை எடுத்துக்கொண்டு வகுப்பிற்குச் சென்றாள்.