கொழும்பில் ஒரு ஓவியர் குழு

மலருக்கு ஒரு பெரிய மனுசர் வாழ்க்கையை எழுதித் தாங்கன்னு ஊக்குநர் அக்கா கேட்டாங்க. பாரதியார், வ.உ.சி. பற்றி எழுத நம்ம பக்கம் ஆள் நிறைய உண்டு. நான் கொழும்பில் இருந்த லயனல் வென்ட் பற்றி எழுதுகிறேன். தூத்துக்குடியில் கப்பல் ஏறினா அந்தக் காலத்துல கொழும்புதானே. எங்க பாட்டியோட அப்பாவும் அங்கே கடையில் வேலை பார்த்தவர்தான்.

வென்ட் பிறந்தது 1900-இல். அப்பா நீதிபதி. மகன் லண்டனுக்குப் போய் வக்கீலுக்குப் படித்தார். அவரோ கூடவே பியானோவும் படித்துக்கொண்டு வந்தார். வக்கீல் தொழிலில் மனசு ஒட்டவில்லை. பிறகு கேமராவைப் பிடித்தார். மீனவர்கள், கிராமத்துப் பெண்கள், கண்டி நடனக்காரர்கள்னு படம் எடுத்து, இருட்டறையில் தானே கழுவிப் பிரிண்ட் போடுவார்.

தன் படத்தோடு நிற்கவில்லை, அதுதான் எனக்குப் பிடித்தது. அப்போ வெள்ளைக்காரர் பாணியில் வரைந்தால்தான் மதிப்பு. ஜார்ஜ் கீற் மாதிரி புதுசா வரைந்தவர்களைக் கேலி செய்தார்கள். வென்ட் அவர்களுக்குப் பக்கத்துணையாக நின்றார்.

1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு. ஜப்பான் விமானங்கள் கொழும்பில் குண்டு போட்டன. சனங்க பயந்து ஊரை விட்டுப் போனாங்க. அப்படிப்பட்ட நேரத்துல யாராவது படம் வரையக் குழு சேர்ப்பாங்களா? 1943 ஆகஸ்ட் 29 அன்று வென்ட் வீட்டில் ஓவியர்கள் கூடிச் சேர்த்தார்கள். பெயரே '43 குழு'. ஹாரி பீரிஸ் செயலாளர். வசதியான வீட்டுப் பிள்ளைகளும் இருந்தார்கள், விகாரைச் சுவர் ஓவியங்களைப் பார்த்து வரைந்த மஞ்சுசிறீ என்ற புத்த பிக்குவும் இருந்தார். சண்டை முடியட்டும்னு காத்திருக்காமல், நவம்பரிலேயே முதல் கண்காட்சி வைத்துவிட்டார்கள்.

அடுத்த வருசம், 1944 டிசம்பர் 19-இல், வென்ட் இறந்துபோனார். வயசு 44தான். தலைவி போனதும் கலைஞ்ச குழுக்களை நாமளே பார்த்திருக்கோம். இவங்க கலையல. 1952-இல் லண்டன் வரைக்கும் கொண்டுபோய்ப் படங்களைக் காட்டினார்கள்.

ஆனால் வென்ட்டின் நெகட்டிவ்களை அவர் போன பிறகு அழித்துவிட்டார்கள். எத்தனை வருச உழைப்பு! மிஞ்சின பிரிண்டுகளை வைத்து 1950-இல் ஒரு புத்தகம் வந்தது. அவர் வீடு இருந்த இடத்தில் அவர் பேரிலேயே கலையரங்கம் கட்டி 1953-இல் திறந்தார்கள். இன்னைக்கும் அங்கே நாடகமும் ஓவியக் கண்காட்சியும் நடக்குது.