டீ விற்க எடுத்த படம் உலகப் பரிசு வாங்கியது!

கொழும்பு லயனல் வெண்டின் கதை

தட்டாஞ்சாவடியில் பொழுது விடிந்ததும் டீக்கடையில் கூட்டம் கூடிவிடுகிறது. தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போகிறவர்கள், சைக்கிளை ஓரமாக நிறுத்திவிட்டு, ஒரு டீ குடித்துவிட்டுத்தான் போகிறார்கள்.

அந்த டீயைப் பற்றி ஒரு படம் எடுத்தார்கள். இன்று நேற்று அல்ல, 1934-ம் ஆண்டில்!

டீயை விற்பதற்காக எடுத்த விளம்பரப் படம் அது. ஆனால் அது வெளிநாட்டுப் படவிழாவுக்குப் போயிற்று. அங்கே போட்டியிட்ட எல்லாப் படங்களையும் தோற்கடித்து, முதல் பரிசைத் தட்டிக்கொண்டு வந்தது.

அந்தப் படத்தில் ஒரு குரல் ஒலிக்கிறது. அது கொழும்பு நகரைச் சேர்ந்த ஒருவருடைய குரல்.

அவர் பெயர் லயனல் வெண்ட்.

அவர் யார்? அவர் எப்படிப் படத்துக்குள் வந்தார்? அந்தக் கதையைப் பார்ப்போம்.

நீதிபதியின் மகன்

லயனல் வெண்ட், கொழும்பில் 1900-ம் ஆண்டு டிசம்பர் மாதம் 3-ந் தேதி பிறந்தார்.

தகப்பனார் பறங்கியர் வகுப்பைச் சேர்ந்தவர். அதாவது, இலங்கையில் குடியேறிய ஐரோப்பியர்களின் வழியில் வந்தவர். பெரிய கோர்ட்டில் நீதிபதியாக இருந்தார். தாயார் சிங்களக் குடும்பத்துப் பெண்.

வீட்டில் பணத்துக்குக் குறைவில்லை. ஆனால் தாய் தகப்பன் இருவரையும் இளம் வயதிலேயே இழந்துவிட்டார் லயனல்.

தகப்பனாரைப் போலவே தாமும் சட்டம் படிப்பதற்காக, கப்பலேறி லண்டனுக்குப் போனார். சட்டம் படித்தார். அதோடு நிற்கவில்லை. லண்டனில் உள்ள புகழ்பெற்ற சங்கீதக் கல்லூரியில் சேர்ந்து, பியானோ வாசிக்கவும் கற்றுக்கொண்டார்.

பகலில் சட்டப் புத்தகம். மற்ற நேரத்தில் பியானோ. இப்படி இரண்டு படிப்பு!

1924-ல் ஊர் திரும்பினார். வக்கீலானார். ஆனால் மனம் கோர்ட்டில் நிற்கவில்லை. கறுப்பு அங்கியைக் கழற்றி வைத்துவிட்டார். பியானோவே கதி என்று இருந்தார்.

நீதிபதியின் மகன் வக்கீல் தொழிலை விட்டுவிட்டுப் பெட்டி வாசிக்கிறாரே என்று ஊரார் நினைத்திருக்கலாம். அவர் அதைப் பொருட்படுத்தவில்லை.

மூட்டை மூட்டையாகப் புத்தகம்

கொழும்பில் கலைஞர்களும் எழுத்தாளர்களும் கூடும் இடமாக அவருடைய வீடு ஆயிற்று.

அந்தச் சமயத்தில், தென் அமெரிக்காவில் உள்ள சிலி நாட்டின் துணைத் தூதராக ஓர் இளைஞர் கொழும்புக்கு வந்திருந்தார். அவர் ஒரு கவிஞர். தெரிந்தவர் யாரும் இல்லாத ஊரில் தனியாகக் கிடந்து தவித்தார்.

வெண்ட் என்ன செய்தார் தெரியுமா? ஒரு சைக்கிள்காரரிடம் சாக்கு மூட்டை நிறையப் புத்தகங்களைக் கொடுத்து, வாராவாரம் அந்தக் கவிஞரின் வீட்டுக்கு அனுப்பி வைத்தார்.

அந்தக் கவிஞர்தான் பாப்லோ நெரூடா. பிற்காலத்தில், 1971-ல் நோபல் பரிசு பெற்றவர். அந்தப் புத்தக மூட்டைகளை அவர் கடைசிவரை மறக்கவில்லை. தம்முடைய வாழ்க்கை நினைவுகளில் வெண்டைப் பற்றி நன்றியோடு எழுதியிருக்கிறார்.

கையில் வந்த காமிரா

முப்பது வயதுக்கு மேல் வெண்டுக்குப் புது மோகம் பிறந்தது. அது காமிரா.

பணக்காரர்கள் பொழுதுபோக்காகப் படம் பிடிப்பார்களே, அப்படி அல்ல. கிராமம் கிராமமாகப் போனார். வயலில் வேலை செய்கிறவர்கள், கடலில் வலை வீசுகிறவர்கள், கண்டி நடனக்காரர்கள், காட்டுக்குள் கிடந்த பழைய சிலைகள் எல்லாவற்றையும் படம் பிடித்தார்.

ஆங்கிலம் படித்து, ஐரோப்பிய சங்கீதம் வாசித்த மனிதர், தம்முடைய சொந்த நாட்டைக் காமிரா வழியாகப் புதிதாகப் பார்க்கத் தொடங்கினார். இந்தப் பழக்கம்தான், பின்னால் வந்த படத்துக்குப் பெருந்துணையாக இருந்தது.

தேயிலைக்கு வந்த கஷ்டம்

அப்போது இலங்கை, வெள்ளைக்காரர் ஆட்சியில் இருந்தது. தேயிலைதான் அந்த நாட்டின் பெரிய செல்வம்.

1929-ல் உலகம் முழுவதும் பணமுடை ஏற்பட்டது. தேயிலை விலை விழுந்தது. தோட்ட முதலாளிகள் கலங்கினார்கள். இலங்கைத் தேயிலையை உலகம் முழுவதும் விளம்பரம் செய்வதற்கு, 1932-ல் தேயிலைப் பிரசார சபை ஒன்று ஏற்பட்டது.

அந்தச் சபைக்கு ஒரு யோசனை தோன்றியது. இலங்கையைச் சினிமாப் படமாக எடுத்துக் காட்டினால் என்ன? நாட்டைப் பார்க்கிற ஜனங்கள் டீயையும் வாங்குவார்கள் அல்லவா?

லண்டனில், ஜான் கிரியர்சன் என்பவர் டாகுமெண்டரி படங்கள் எடுப்பதில் பெயர் பெற்றிருந்தார்.

டாகுமெண்டரி என்றால் என்ன? அதில் ராஜாவும் ராணியும் வேஷம் போட்டு வரமாட்டார்கள். உண்மையான மனிதர்கள், உண்மையான இடங்கள், உண்மையான வேலைகள், இவற்றைக் காட்டும் படமே டாகுமெண்டரி.

கிரியர்சன், பேசில் ரைட் என்ற இளைஞரை இலங்கைக்கு அனுப்பினார். அப்போது ரைட்டுக்கு வயது இருபத்தாறுதான். உதவிக்கு ஒரே ஒருவர் கூட வந்தார்.

நான்கு சின்னப் படங்கள் எடுக்க வேண்டும். இதுதான் அவருக்குக் கொடுக்கப்பட்ட வேலை.

வழிகாட்டி கிடைத்தார்

வெளிநாட்டிலிருந்து வருகிறவருக்கு நம் நாட்டில் என்ன தெரியும்? யானை, தென்னை மரம், கோயில் என்று மேலோட்டமாகப் பார்த்துவிட்டுப் போய்விடுவார்.

ரைட் அப்படிப் போகவில்லை. காரணம், அவருக்கு வெண்ட் கிடைத்தார். ஊரையும் ஜனங்களையும் அறிந்த ஒருவர் துணை நின்றார்.

சிவனொளிபாத மலை மீது ஏறும் யாத்திரிகர்கள், துணி துவைப்பவர்கள், வலை வீசும் மீனவர்கள், நடனம் பழகும் சிறுவர்கள், பொலனறுவையில் பாறையில் செதுக்கிய பெரிய புத்தர் சிலைகள் எல்லாம் படத்தில் வந்தன.

தேயிலைத் தோட்டமும் வந்தது. அங்கே கூடை சுமந்து கொழுந்து கிள்ளும் பெண்கள் யார்? நம் தமிழ்ப் பெண்கள்! திருச்சி, மதுரை, சேலம், புதுக்கோட்டை போன்ற சீமைகளிலிருந்து பிழைப்புத் தேடிப் போன குடும்பங்களின் பெண்கள்.

படத்தில் அவர்கள் கொழுந்து கிள்ளிக்கொண்டே இருக்கிறார்கள். மேலே வியாபாரிகளின் குரல்கள் கேட்கின்றன. சந்தை விலை என்ன, கப்பல் எப்போது புறப்படுகிறது என்று அந்தக் குரல்கள் பேசுகின்றன.

கீழே உழைக்கும் கை. மேலே லாபம் பேசும் வாய். யாரும் விளக்கம் சொல்லாமலே பார்க்கிறவருக்கு விஷயம் விளங்கிவிடுகிறது.

250 ஆண்டுக்கு முந்திய கதை

ரைட் லண்டனுக்குத் திரும்பினார். எடுத்த படத்தைப் போட்டுப் பார்த்தார். நான்கு துண்டுகளாக வெட்ட மனம் வரவில்லை. நான்கையும் ஒரே படத்தின் நான்கு பாகங்களாக ஆக்கினார்.

படத்துக்கு வைத்த பெயர், "இலங்கையின் கீதம்" என்று பொருள்படும் ஆங்கிலப் பெயர். சுமார் 40 நிமிஷம் ஓடும்.

படம் பிடித்தபோது ஒலி பதிவு செய்யவில்லை. ஒலி எல்லாம் லண்டனில் சேர்க்க வேண்டும். படத்துக்கு விளக்கவுரை வேண்டுமே! என்ன சொல்வது?

புதிதாக ஒன்றும் எழுதவில்லை. ஒரு பழைய புத்தகத்தை எடுத்துக்கொண்டார்கள்.

ராபர்ட் நாக்ஸ் என்ற ஆங்கில மாலுமி, திருகோணமலைக்குப் பக்கத்தில் 1660-ல் கண்டி ராஜாவின் ஆட்களிடம் பிடிபட்டார். ஏறக்குறைய இருபது வருஷம் கண்டி ராஜ்யத்தில் கைதியாக வாழ்ந்தார். பிறகு தப்பி ஓடினார். தாம் கண்டதையெல்லாம் எழுதி 1681-ல் புத்தகமாக வெளியிட்டார். அதுதான் அந்தப் புத்தகம்.

அதைப் படத்தில் வாசித்தவர் லயனல் வெண்ட்! அதற்காக மறுபடியும் கடல் கடந்து லண்டன் போனார்.

கத்திப் பேசவில்லை. நாடகம் ஆடவில்லை. நிதானமாக, அமைதியாக வாசித்தார். பியானோ பழகிய மனிதர் அல்லவா? எங்கே பேச வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

ஆங்கிலேயக் கைதி எழுதியதை, இலங்கைக்காரர் ஒருவர் தம் நாட்டைப் பற்றித் தம் குரலில் சொன்னார். படத்துக்கு உயிர் வந்தது.

டீ வாங்குங்கள், டீ வாங்குங்கள் என்று படம் கெஞ்சவே இல்லை!

பிரஸ்ஸல்ஸ் படவிழா

அந்தக் காலத்தில் படவிழா என்பதே புதிது. இத்தாலியில் வெனிஸ் நகரில் 1932-ல்தான் அது தொடங்கியது.

1935-ல் பெல்ஜியத்தின் தலைநகரான பிரஸ்ஸல்ஸில் சர்வதேசப் படவிழா நடந்தது. தேயிலைக்காக எடுத்த அந்தப் படமும் போட்டியில் கலந்துகொண்டது.

டாகுமெண்டரி படங்களில் அதற்கே முதல் பரிசு கிடைத்தது.

அதோடு முடிந்ததா? இல்லை. விழாவுக்கு வந்த எல்லா வகைப் படங்களிலும் சிறந்தது எது என்று பார்த்தார்கள். நட்சத்திரங்கள் நடித்த கதைப் படங்களும் அதில் அடக்கம். அரசாங்கத்தின் பெரிய பரிசும் இதே படத்துக்குக் கிடைத்தது!

பத்திரிகைகள் பாராட்டின. இன்றைக்கும் உலகத்தின் சிறந்த டாகுமெண்டரி படங்களைச் சொல்லும்போது இந்தப் படத்தின் பெயரையும் சொல்கிறார்கள்.

புகழில் பெரும்பங்கு ரைட்டுக்கும் கிரியர்சனுக்கும் போயிற்று. அது நியாயமே. ஆனால் படத்தைப் பார்ப்பவர் காதில் ஒலிப்பது வெண்டின் குரல்.

கொழுந்து கிள்ளிய பெண்களின் பெயர் படத்தில் இல்லை. 1948-ல் வந்த குடியுரிமைச் சட்டத்தால், தோட்டத் தமிழர்களில் பெரும்பாலோர் எந்த நாட்டுக் குடிமக்களும் அல்லாமல் ஆனார்கள். உலகப் பரிசு பெற்ற படத்தில் முகம் காட்டியவர்களின் இனத்துக்கு, வாழ்ந்த நாட்டில் உரிமை இல்லை!

வீடு கலைக்கூடம் ஆனது

வெண்ட் சினிமாவில் பணம் தேடப் போகவில்லை. மறுபடியும் காமிராவை எடுத்துக்கொண்டார். 1938-ல் லண்டனில் அவருடைய படங்களின் கண்காட்சி நடந்தது.

இலங்கையின் இளம் ஓவியர்களை யாரும் மதிக்காத காலம் அது. அவர்களுக்கு வெண்ட் தோள் கொடுத்தார். 1943-ல் அவருடைய வீட்டில் ஓவியர்கள் கூடி ஒரு சங்கம் அமைத்தார்கள். "43-ம் ஆண்டுக் குழு" என்று அது புகழ் பெற்றது. ஜார்ஜ் கீட், ஐவன் பீரிஸ் போன்ற ஓவியர்கள் அதில் இருந்தார்கள்.

அடுத்த ஆண்டே இடி விழுந்தது. 1944-ம் ஆண்டு டிசம்பர் 19-ந் தேதி, மாரடைப்பால் வெண்ட் காலமானார். வயது 44தான்.

அவர் மறைந்த பிறகு, அவர் எடுத்த படங்களின் நெகட்டிவ்கள் அழிக்கப்பட்டுவிட்டன. அவர் காலத்தில் போட்டு வைத்த பிரதிகள் மட்டுமே மிஞ்சின.

ஆனால் நண்பர்கள் அவரை மறக்கவில்லை. 1950-ல் அவருடைய படங்களைப் புத்தகமாகக் கொண்டுவந்தார்கள். அவர் வாழ்ந்த இடத்தில், அவர் பெயரால் ஒரு நாடக அரங்கு எழுந்தது. 1953-ல் அது திறக்கப்பட்டது. கொழும்பில் இன்றும் அங்கே நாடகங்கள் நடக்கின்றன.

அவர் ஆதரித்த ஓவியர் ஐவன் பீரிஸின் சகோதரர்தான், டைரக்டர் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ். அவருடைய "கம்பெரலிய" என்ற சிங்களப் படம், 1965-ல் டில்லியில் நடந்த சர்வதேசப் படவிழாவில் தங்க மயில் பரிசு பெற்றது. வெண்ட் போட்ட விதை வீண்போகவில்லை!

உங்கள் வீட்டிலும் ஒருவர்

அன்று படத்தைத் தகரப் பெட்டிகளில் அடைத்து, கப்பலிலும் ரயிலிலும் அனுப்பினார்கள். இன்று வீட்டில் இருந்தபடியே விண்ணப்பத்தை நிரப்பிப் படத்தை அனுப்பிவிடலாம். நம் நாட்டிலேயே மும்பையில், டாகுமெண்டரி படங்களுக்கென்று 1990-ல் சர்வதேசப் படவிழா தொடங்கப்பட்டது.

தட்டாஞ்சாவடியில் ஒரு மாணவன் கையில் உள்ள கைப்பேசியிலும் காமிரா இருக்கிறது. அவன் எதைப் படம் பிடிக்கலாம்?

வெண்டின் கதை வழி காட்டுகிறது. பக்கத்தில் உள்ள மனிதர்களை உற்றுப் பார்க்க வேண்டும். அவர்களுடைய வேலையை மதித்துக் காட்ட வேண்டும். கூச்சல் போடாமல் சொல்ல வேண்டும். அப்படி எடுத்த படத்தை உலகம் நின்று பார்க்கும்.

ஒன்றை மட்டும் அந்த மாணவன் கூடுதலாகச் செய்யலாம். படத்தில் முகம் காட்டும் உழைப்பாளிகளின் பெயரைக் கேட்டு, அதையும் படத்தில் போடலாம்.

டீக்கடையில் டீ ஆற்றுகிறவருக்கும் ஒரு பெயர் இருக்கிறது அல்லவா?